ஈரச் சுவருக்கு சீமெந்துப் போர்வை

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் அதை எங்கே போடுவது என்ற கேள்விக்கு எமது மக்களிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கின்றது. "வளவு வாங்கிப் போடுங்க, இல்லாட்டி வீடு வாங்கிப் போடுங்க." 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்த எண்ணத்தை மேலும் இறுக்கி விட்டது. ரூபாவின் பெறுமதி கண் முன்னே கரைந்ததைப் பார்த்தவர்கள் காசைக் காசாக வைத்திருக்க அஞ்சுகின்றனர். வங்கியில் போட்டு வட்டி எடுப்பதற்கு மார்க்கம் இடந்தராது. தங்கம் வாங்கினால் வீட்டில் வைத்துக் கொள்ளப் பயம். கடைசியில் வீடுதான்.

புதிய வீடு வாங்க எல்லோராலும் முடிவதில்லை. ஆகவே மருதானை, தெமட்டகொடை, புதுக்கடை, கொம்பனித்தெரு, வெளியூரென்றால் காலி, பேருவளை, கண்டி என்று பழைய வீடுகளைத் தேடிப் போகின்றனர். குறைந்த விலைக்கு வாங்கி, கொஞ்சம் செலவழித்துத் திருத்தி, வாடகைக்கு விடுவோம் என்பது கணக்கு. இந்தக் கணக்கில் பிழையில்லை. திருத்துகின்ற விதத்தில்தான் பிழை இருக்கின்றது. ஏனென்றால், எமது நாட்டில் பழைய வீட்டைத் திருத்துவது என்றால் முதல் வேலையாக லொறியில் சீமெந்தும் மணலும் இறக்குவது என்றே அர்த்தமாகி விட்டது. சுவரில் வெடிப்பா? சீமெந்து. ஈரமா? சீமெந்து. தரை பள்ளமா? அதற்கும் சீமெந்து. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நாம் பிள்ளையைக் கொண்டு போக மாட்டோம். வீட்டை மட்டும் கொண்டு போகின்றோம்.

இதை எழுதுபவன் சீமெந்துக்கு விரோதியல்ல. பல வருடங்களாக ஹாட்வெயார் வியாபாரத்தில் இருப்பவன். சீமெந்து மூட்டை விற்றுத்தான் எனது வீட்டிலும் உலை கொதிக்கின்றது. விற்பவனே சொல்வதால் சிலராவது காது கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகின்றேன்.

முதலில் பழைய வீடு என்றால் என்ன என்று பார்ப்போம். கொழும்பிலும் காலியிலும் நூறு வருடங்களுக்கு மேற்பட்ட வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் கபுக் கல்லாலோ, கரையோரங்களில் முருகைக் கல்லாலோ, செங்கல்லாலோ கட்டப்பட்டவை. இடையில் வைத்த சாந்து சுண்ணாம்பு அல்லது களிமண். மேலே பூசியதும் சுண்ணாம்பு. அதற்கு மேல் வருடா வருடம், பெரும்பாலும் பெருநாளைக்கு, சுண்ணாம்பு அடிப்பார்கள். இந்தச் சுவர்களின் அத்திவாரத்திற்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்கும் படை கிடையாது. நிலத்திலிருந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் ஏறும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சு நுண்ணிய துளைகள் உள்ளது. ஏறிய ஈரம் அந்தத் துளைகள் வழியே காற்றில் போய் விடும். சுவர் குடிக்கும், பிறகு காயும். நூறு வருடம் இப்படித்தான் நின்றது.

சீமெந்தின் சுபாவம் வேறு. அது தண்ணீருடன் சேர்ந்து கல்லாக இறுகுவது. அடர்த்தியானது, கடினமானது. அதனால்தான் அதில் தூணும் ஸ்லெப்பும் போட முடிகின்றது. ஆனால் அதே காரணத்தினால், ஈரமுள்ள கபுக் சுவருக்கு அதைப் போர்வையாகப் போர்த்தினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் போகின்றது. வழியில்லாத ஈரம் சும்மா இருப்பதில்லை. உள்ளே தேங்கி, இன்னும் உயரத்துக்கு ஏறும். முன்பு ஓரடி உயரத்தில் இருந்த ஈரக்கறை, சீமெந்து பூசிய பிறகு மூன்றடி, நான்கடி உயரத்தில் வந்து நிற்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கின்றேன். உடனே வீட்டுக்காரர் மார்பளவுக்கு டைல்ஸ் ஒட்டுவார். ஈரம் டைல்ஸுக்கு மேலே போய் எட்டிப் பார்க்கும்.

ஈரத்தோடு உப்பும் ஏறுகின்றது. கடலோர வீடுகளில் இது அதிகம். தண்ணீர் காயும் இடத்தில் உப்பு மணியாக உறையும். உறையும்போது விரியும். விரியும்போது பெயின்டைத் தள்ளும், பூச்சைத் தள்ளும். "சுவர் உப்புப் பூத்திருக்கு" என்று எமது பெண்கள் சொல்வது இதைத்தான். மறு பக்கத்தில், கபுக் கல் மென்மையானது, சீமெந்துப் பூச்சு கடினமானது. வெயிலிலும் மழையிலும் இரண்டும் ஒரே அளவாக அசைவதில்லை. நாளடைவில் பூச்சு கல்லை விட்டுக் கழன்று நிற்கும். விரல் மடக்கித் தட்டினால் வெறும் பானையைத் தட்டிய சத்தம் வரும். கழன்ற இடத்துக்குள் மழைத் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. சுவரில் பதிந்திருக்கும் வளை மரங்களின் நுனிகள் அந்த ஈரத்தில் ஊறி உக்கும். பிறகு கறையான் வரும். கூரை இறங்கினால் யாரும் சுவர்ப் பூச்சைக் குற்றம் சொல்வதில்லை. மரத்தைக் குற்றம் சொல்லிப் புது மரம் வாங்குகின்றனர்.

இந்த வீடுகள் இப்படிப் பழுதாகி எமது கைக்கு வருவதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரைப் பாதுகாத்தது. அதற்கு அன்று நியாயம் இருந்தது. ஆனால் பழைய வாடகை, ஒரு தடவை ஓடு மாற்றுவதற்கும் போதாத தொகையாகிப் போனது. உரிமையாளர் திருத்தவில்லை. குடியிருப்பவர் தனக்குச் சொந்தமில்லாததைத் திருத்தவில்லை. முப்பது நாற்பது வருடங்கள் பீலி உடைந்து, ஓடு ஒழுகி நின்ற வீடுதான் இன்று வாரிசுகளால் பிரிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றது. அப்படி ஊறிய சுவரை விற்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர் சீமெந்து பூசி, வெள்ளை பெயின்ட் அடித்து, மின்குமிழ் போட்டுக் காட்டினால் வாங்குபவருக்கு என்ன தெரியும்?

தெமட்டகொடைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ராத்தாவின் கதை இது. கணவர் மௌத்தாகி விட்டார். இரண்டு பிள்ளைகள் கட்டாரில் வேலை. அவர்கள் அனுப்பியதைச் சேர்த்து, மாதாந்த வருமானத்துக்காக ஒரு பழைய வீட்டை வாங்கினார். மாசி மாத வெயிலில் பார்த்த வீடு. சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. ஒரு குடும்பம் முற்பணம் கட்டி வந்து குடியேறியது. ஐப்பசி மழை பிடித்த மூன்றாவது வாரம் அறைச் சுவர் கறுத்தது. அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம். அந்தக் குடும்பத்தின் சின்னப் பிள்ளைக்கு இழுப்பு வந்து, வருடம் முடிய முன்னர் அவர்கள் முற்பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போய் விட்டனர். ராத்தா ஒரு பாஸைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது ஒண்டுமில்ல ராத்தா, வோட்டர் புரூஃப் கலந்து நல்லா திக்கா பூசினா சரி" என்றார் அவர். பூசினார். அடுத்த மழைக்கு பக்கத்து அறைச் சுவரும் கறுத்தது. அந்த ஈரத்தின் தாய் வீடு சுவரே அல்ல; பின் பக்கத்தில் மண்ணுக்குள் உடைந்து கிடந்த குளியலறைக் குழாய் என்று கண்டுபிடிப்பதற்குள் மூன்று தடவை சீமெந்துக்குக் காசு கொடுத்தாகி விட்டது.

அந்தப் பாஸைக் கள்ளன் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கற்றது அவ்வளவுதான். சுண்ணாம்பில் வேலை செய்த மேசன்மார் இன்று அரிது. ஆனால் விற்றவரையும் தரகரையும் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கின்றது. ஜும்ஆப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கின்றோம். மேலே காய்ந்திருந்த குவியலின் உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டு விட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அரிசிக் கடைக்காரரும் மசாலா வியாபாரியும் இந்த ஹதீஸைக் கேட்டுத் தலையாட்டுகின்றனர். வீடு விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் தமக்கு இது பொருந்தாது என்று நினைக்கின்றனர். அங்கேயும் மறைக்கப்பட்டது ஈரம்தான் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொருளில் உள்ள குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது எமது வியாபாரச் சட்டத்தின் அரிச்சுவடி. ஈரச் சுவரில் சீமெந்து பூசிக் காட்டுவது திருத்த வேலையல்ல, குறையை மூடுகின்ற வேலை. திருத்துகின்றோம் என்ற நல்லெண்ணத்தோடு செய்பவர் வேறு. தெரிந்து கொண்டே செய்பவர் வேறு. இரண்டாமவர் எடுக்கும் வாடகையில் பரக்கத் இருக்குமா என்பதை அவரே உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளட்டும்.

இது வெறும் அழகுப் பிரச்சினையும் அல்ல. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு ஆஸ்துமாவும் சுவாச நோய்களும் கூடுகின்றன என்று உலக சுகாதார அமைப்பு 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல் தெளிவாகச் சொல்கின்றது. நாம் வாடகை எடுக்கும் அறையில் யாரோ ஒருவரின் பிள்ளை தூங்குகின்றது.

சரி, வியாபாரக் கணக்காகவே பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, மாதம் 75,000 ரூபா வாடகை வரும் வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். ஈரம் காரணமாகக் குடியிருப்பவர் போய், திருத்தி, வேறு ஆள் பிடிக்க இரண்டு மாதம் போனால் 150,000 ரூபா நட்டம். மறுபடி பூச்சு, பெயின்ட், பாஸ் கூலி, தரகருக்கு ஒரு மாத வாடகை. இது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நடந்தால், சுண்ணாம்பு வேலைக்கு அதிகம் கேட்கிறார்கள் என்று நாம் வேண்டாமென்று விட்ட பணம் எங்கே போனது என்று விளங்கும். சீமெந்தும் மலிவான பொருளல்ல. 2021இல் ஆயிரம் ரூபாவைச் சுற்றி இருந்த 50 கிலோ மூட்டை, 2022இல் இரண்டு மடங்கையும் தாண்டிப் போனதை எல்லோரும் அறிவோம். அந்த விலை கொடுத்து வாங்கி, உரிந்து விழப்போகும் சுவரில் அப்புவது என்ன வியாபாரம்?

காலிக் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். 1988ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்தக் கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக எமது குடும்பங்கள் வாழ்ந்தன. தடித்த சுவர்கள், நடுவில் முற்றம், முன்னால் விறாந்தை. பல வீடுகளில் எமது ஆட்கள் சுண்ணாம்பைச் சுரண்டி சீமெந்து பூசினர். முற்றத்தை மூடினர். ஈரம் தாங்க முடியவில்லை, பராமரிக்க முடியவில்லை, வாரிசுகளும் பலர். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின்னர் வெளிநாட்டவர்களும் கொழும்புப் பணக்காரர்களும் வந்து கேட்டபோது விற்று விட்டுப் போயினர். வாங்கியவர்கள் என்ன செய்தனர் தெரியுமா? நாம் பூசிய சீமெந்தைக் கொத்தி எடுத்தனர். மறுபடி சுண்ணாம்பு பூசினர். முற்றத்தைத் திறந்தனர். இன்று அதே அறைகளை ஓர் இரவுக்கு இவ்வளவு டொலர் என்று வாடகைக்கு விடுகின்றனர். கோட்டைக்குள் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் கை வைக்க முடியாது என்று நாம் அலுத்துக் கொண்ட கட்டுப்பாடே அவர்களுக்கு முதலாகி விட்டது. விற்றவர்களை நான் குறை கூறவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. ஆனால் சுவரின் அருமை தெரிந்திருந்தால் சிலராவது விற்காமல் வாடகைக்கு விட்டிருப்பார்கள் என்பதே எனது ஆதங்கம்.

முற்றம் என்றதும் ஒரு விடயம். சுவரில் ஏறும் ஈரத்துக்குப் பாதிக் காரணம் சுவருக்கு வெளியே போட்ட சீமெந்துதான். வீட்டைச் சுற்றியுள்ள மண்ணையெல்லாம் மூடி, சுவரோடு ஒட்ட சீமெந்துத் தளம் போடுகின்றோம். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க இடமில்லாமல் சுவர்க் காலில் தேங்குகின்றது, தெறிக்கின்றது. கொழும்பின் பழைய தெருக்களில் இன்னொன்றும் நடந்திருக்கின்றது. ஒவ்வொரு தடவையும் பழைய கார்ப்பட்டுக்கு மேலேயே புதுக் கார்ப்பட் போட்டு, வீதி உயர்ந்து விட்டது. முன்பு இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கின்றது. அப்படிப்பட்ட வீட்டில் உள்ளே எதைப் பூசினாலும் பயனில்லை. சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்துக்குச் சீமெந்தை உடைத்தெடுத்து, சரளைக்கல் போட்டு, தண்ணீர் ஓடுவதற்கு ஒரு கான் வெட்டுவதுதான் முதல் வேலை. பீலியைச் சரி செய்வது இரண்டாவது வேலை. இரண்டுக்கும் ஒரு மூட்டை சீமெந்து கூடத் தேவைப்படாது. அதனால்தான் எந்தக் கொந்தராத்துக்காரரும் இதைச் சொல்வதில்லை.

தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகு சுவரைக் காய விட வேண்டும். கழன்ற பூச்சைக் கொத்தி எடுத்து விட்டு, ஒரு வெயில் காலம் முழுவதும் திறந்து விட்டால் நல்லது. அவ்வளவு காலம் வாடகை இல்லாமல் இருக்க முடியாது என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் ஓர் அறையைத் திறந்து விட்டு மற்ற அறைகளைக் கொடுங்கள், வாடகையில் கொஞ்சம் குறையுங்கள், காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். பிறகு பூசும்போது சுண்ணாம்பு கூடிய சாந்து. முழுச் சுண்ணாம்பில் பூசத் தெரிந்த மேசன் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. கிடைக்காவிட்டால், ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல் என்ற கலவையாவது பூசுங்கள். சுண்ணாம்பு சேர்ப்பது புதுமையுமல்ல. ஒன்றுக்கு ஒன்றுக்கு ஐந்து என்று சீமெந்து, சுண்ணாம்பு, மணல் கலந்து உட்சுவர் பூசுவது எமது நாட்டுக் கட்டட வேலைகளில் வழமையாக இருந்த அளவுதான். அவசரமும் சோம்பலும் சேர்ந்து நடுவில் இருந்த சுண்ணாம்பைத் தூக்கி விட்டன. மேலே அடிக்கும் பெயின்டும் பிளாஸ்டிக் போல மூடுவதாக இருக்கக் கூடாது. உள்ளே சுண்ணாம்பு பூசி விட்டு வெளியே மழைக்காப்புப் பெயின்ட் அடித்தால் பழைய கதைதான்.

சுண்ணாம்புக்கு எங்கே போவது என்று சிலர் கேட்பர். முன்னர் தென் கரையோரத்தில் முருகைக் கல்லைச் சுட்டு எடுத்தார்கள். அது கடலுக்கும் கரைக்கும் செய்த அநியாயம். கரையோரத்தில் முருகைக் கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடை செய்தது. 2004 சுனாமி அந்தப் பகுதிகளில் என்ன செய்தது என்பதைக் கண்ட பின்னர் அந்தத் தடையைப் பற்றி யாரும் முறைப்பட முடியாது. மாத்தளை, திகனப் பக்கங்களில் டொலமைட் கல்லைச் சுட்ட சுண்ணாம்பு இருக்கின்றது. கேட்டால் ஹாட்வெயார் கடைக்காரர் எடுத்துத் தருவார். கேட்பவர் இல்லாததால்தான் நாங்கள் தட்டில் வைப்பதில்லை.

இனி சீமெந்துக்கு உரிய இடத்தையும் சொல்ல வேண்டும். சீமெந்துக் கல்லால் கட்டிய வீடுகள், கொங்கிரீட் தூணும் ஸ்லெப்பும் உள்ள வீடுகள், குளியலறை, குசினி, தண்ணீர்த் தாங்கி. இவையெல்லாம் சீமெந்தின் ராஜ்ஜியம். அங்கேயும் ஒழுங்காகச் செய்தால்தான். ஈரக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்த மூட்டையை வாங்காதீர்கள். தொட்டுப் பார்க்கும்போது கட்டி தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுங்கள், நாங்கள் கோபிக்க மாட்டோம். காலையில் குழைத்த சாந்தில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் ஊற்றி மறுபடி குழைத்துப் பூசினால் அது சாந்தல்ல, சேறு. பூசிய சுவருக்கு ஒரு கிழமையாவது தண்ணீர் அடிக்க வேண்டும். பெயின்டுக்கு நான்கு கிழமை பொறுக்க வேண்டும். பூசி ஐந்தாம் நாள் பெயின்ட் அடித்து, ஒன்பதாம் நாள் ஆட்களைக் குடியேற்றும் அவசரக்காரர்களை நான் தினமும் கடையில் சந்திக்கின்றேன்.

கடலோர ஸ்லெப்புகள் தனி ஆபத்து. கழுவாத கடல் மணலில் போட்ட கொங்கிரீட்டில் உப்பு இருக்கும். உப்பு உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கொங்கிரீட்டை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். முகட்டில் துண்டு துண்டாக உதிர்வதைக் கண்டால், மேலே ஒரு கோட் சீமெந்து பூசி வெள்ளையடிப்பது பெரும் பாவம். கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, அதற்குரிய கலவையால் அடைக்க வேண்டும். பொறியியலாளர் ஒருவரைக் காட்டாமல் இதில் இறங்க வேண்டாம். அதேபோல, பழைய கபுக் சுவர் மேல் ஸ்லெப் போட்டு ஒரு மாடி எழுப்பி இரண்டு அனெக்ஸ் எடுக்கும் ஆசை எமது ஆட்களிடம் நிறைய உண்டு. களிமண் சாந்தில் நிற்கும் சுவர் ஓட்டுக் கூரையைத் தாங்கக் கட்டியது. கொங்கிரீட் தட்டைத் தாங்கக் கட்டியதல்ல. 2018 பெப்ரவரியில் கிராண்ட்பாஸ் பாபாபுள்ளே பிளேஸில் ஒரு பழைய கட்டடம் இடிந்து விழுந்து ஏழு உயிர்கள் போயின. கொழும்பில் பழைய கட்டடம் என்றால் அலட்சியம் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கூரைத் தகட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அஸ்பெஸ்டஸ் தகடும் சீமெந்துப் பொருள்தான், சீமெந்தோடு அஸ்பெஸ்டஸ் நார் கலந்தது. நீல அஸ்பெஸ்டஸ் எமது நாட்டில் 1987இலேயே தடை செய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸையும் 2018 முதல் கட்டுப்படுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா எமது தேயிலையை நிறுத்தியதும் அந்த அறிவிப்பு பின்வாங்கப்பட்டது. அஸ்பெஸ்டஸ் எங்கிருந்து வருகின்றது என்று தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். விடயம் என்னவென்றால், எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. இருக்கும் தகட்டை அறுப்பதும், துளைப்பதும், உடைத்துக் குழியில் நிரப்புவதும்தான் பெரிய ஆபத்து. திருத்த வேலையில் அதைத்தான் நாம் செய்கின்றோம், அதுவும் முகத்துக்கு ஒரு துணி கூடக் கட்டாத கூலிப் பையன்களை வைத்து. நல்ல ஓட்டுக் கூரையைக் கழற்றித் தகடு போடுவதற்கு எனக்கு இதுவரை ஒரு நியாயமும் கிடைக்கவில்லை.

தரை விடயத்தில் நிலைமை தலைகீழ். அங்கே நல்ல சீமெந்தை உடைத்து எறிகின்றோம். அந்தக் காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரை, பொலிஷ் போட்டுத் தேய்த்தால் முகம் பார்க்கலாம். அதைக் கொத்தி எடுத்து மலிவு டைல்ஸ் பதிக்கின்றனர். தந்தை வழியில் முஸ்லிம் பரம்பரையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, மெருகேற்றிய சீமெந்துத் தரைகளைக் கூச்சமில்லாமல் பயன்படுத்தியவர். அவரது கட்டடங்களைப் பார்க்க இன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகின்றனர். சின்ன வெடிப்பென்றால் வெட்டி அடைத்து, மெருகு போட்டுக் கொடுங்கள்.

கடைசியாக, பள்ளிவாசல் சொத்துக்கள். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பதிவான பல பள்ளிவாசல்களுக்குக் கடைகளும் வீடுகளும் சொந்தமாக இருக்கின்றன. அவற்றின் வாடகையில்தான் இமாமின் சம்பளமும் மத்ரஸாவின் செலவும் நடக்கின்றன. அவை அமானிதம். ஆனால் ஒவ்வொரு புதிய நம்பிக்கையாளர் சபையும் தனது காலத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது செய்து காட்ட விரும்புகின்றது. ஆகவே கடை முகப்புக்கு டைல்ஸ், சுவருக்கு சீமெந்து, மேலே பெயர்ப் பலகை. முகட்டுப் பீலியை யாரும் பார்ப்பதில்லை. அடுத்த சபை வந்து அதே சுவரை மறுபடி பூசுகின்றது. தனியார் ஒருவர் தனது பணத்தை இப்படி அழித்தால் அது அவருடைய பாடு. ஜமாஅத்தின் பணத்துக்குக் கணக்கு யார் சொல்வது? வருடாந்தக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது, கடந்த ஐந்து வருடத்தில் ஒரே சுவருக்கு எத்தனை தடவை செலவு எழுதப்பட்டிருக்கின்றது என்று ஜமாஅத்தார் ஒருவர் எழுந்து கேட்டால் தப்பில்லை. கேட்பவரைக் குழப்பக்காரர் என்று முத்திரை குத்தாமல் இருந்தால் போதும்.

பழைய வீடு பார்க்கப் போகின்றவர்களுக்கு ஒரு விடயம். தரகர் சொல்லும் நேரத்துக்குப் போகாதீர்கள். இரண்டு நாள் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். அலுமாரியை நகர்த்தச் சொல்லிப் பின்னால் பாருங்கள். சுவரை மேலிருந்து கீழாகத் தட்டிக் கொண்டே வாருங்கள். புதுப் பெயின்ட் மணம் வந்தால், இது எப்போது அடித்தது, அதற்கு முன் சுவர் எப்படி இருந்தது என்று உரிமையாளரிடமே நேரில் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை உடன்படிக்கையில் ஒரு வரியாக எழுதித் தரச் சம்மதிக்கின்றாரா என்றும் பாருங்கள்.